பருத்திக் காட்டில் திரும்பி வரும் வரி

என் அன்பான அம்மாவுக்கு,

இந்த அகால நேரத்தில் கூப்பிடுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பகலில் முடியவில்லை. உன் பேத்திக்குப் பல் முளைக்கிறது. விளக்கு வைத்ததிலிருந்து அழுதவள் இப்போதுதான் கண் அசந்தாள். திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மண்ணெண்ணெய்க்கு இன்னும் நீ பட்ட பாடுதான். எழுத்து கோணிப் போனால் பொறுத்துக்கொள்.

உனக்குக் கடிதம் என்றால் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். மதுரையில் காலேஜில் இருந்து நான் எழுதியதையெல்லாம் அப்பா வாசிக்க, நீ பருத்தியில் தூசி ஆய்ந்துகொண்டே கேட்பாயாம். "அந்த எடத்த இன்னொருக்க வாசிங்க" என்பாயாம். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான். மாதப் பத்திரிகையில் போடப் போகிறார்கள். வாசிக்கிறவர்களில் யாராவது ஒருவர் வாய்விட்டு வாசித்தால் உனக்குக் கேட்காமலா போகும்?

பத்திரிகைக்காரர் என்னிடம் கேட்டது கடிதம் அல்ல, கட்டுரை. "உங்கள் தாயார் கிராமியப் பாடல் கட்டிப் பாடியவராமே. பிறப்பு, பாடிய பாட்டுகள், பெற்ற பரிசுகள், எல்லாம் எழுதுங்கள்" என்றார். பரிசு என்று எதை எழுதுவது? ரெட்டியபட்டிப் பொங்கலில் கும்மி எடுத்துக் கொடுத்ததற்குக் கிடைத்த சுங்கடிச் சேலையையா? மல்லாங்கிணற்றுக் கல்யாண வீட்டில் மடியில் கட்டிவிட்ட அதிரசத்தையா? இரண்டு வரி எழுதி அடித்தேன். "அம்மா" என்று தொடங்கிய பிறகுதான் பேனா நகர்ந்தது.

நீ பாட்டுக் கட்டிய விதத்தைச் சொன்னால் பட்டணத்தில் நம்புவார்களோ என்னவோ. தனியாக உட்கார்ந்து நீ ஒரு பாட்டும் கட்டியதில்லை. பருத்திக் காட்டில் ஆளுக்கொரு செடி நிரையாகப் பிடித்துப் பஞ்சு எடுத்துக்கொண்டு போகும்போது, குனிந்த தலை நிமிராமல் ஒரு வரியை விடுவாய். பக்கத்து நிரைக்காரி அதை வாங்கிச் சொல்வாள். அவளிடமிருந்து அடுத்தவள். அப்படியே கடைசி நிரை வரைக்கும் போய், அங்கே நிற்கும் மூக்கம்மா சின்னம்மா அதைத் திருப்பி விடுவாள். உன்னிடம் வந்து சேரும்போது ஒரு சொல்லாவது மாறியிருக்கும். மாறி வந்ததைத்தான் நீ வைத்துக்கொள்வாய்.

"நீ மொதல்ல சொன்னதுதான் நல்லாருந்துச்சு" என்று அப்பா ஒருமுறை சொன்னார். வாத்தியார் அல்லவா, பொறுக்கவில்லை.

"நல்லாருந்தா ஏன் மாத்துறாளுக? வாயில நிக்காமத்தான மாத்துறாளுக" என்றாய் நீ. திரும்பி வராத வரி உனக்குப் பாட்டே இல்லை.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி பஸ் ஓடியதே, அந்தப் பாட்டு இன்னும் அருப்புக்கோட்டைத் தெருக்களில் நடமாடுகிறது.

ஏறும்போது எட்டுப் பேரு
எறங்கித் தள்ள ஊரு பூரா
கரியத் தின்னு பொகைய விட்டுக்
காலு நோகுதுங்குது பஸ்ஸு

"காத்துக் கெடக்குது பஸ்ஸு" என்றுதான் நீ விட்டாய். கால் நோவு கடைசி நிரையிலிருந்து வந்தது. போன வாரம் எங்கள் நூல் கடைக்கு வந்த வண்டிக்காரர் இதை முனகிக்கொண்டே மூட்டை இறக்கினாராம். "யாரு பாட்டுய்யா இது?" என்று உன் மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். "யாரு பாட்டா? இது பஸ்ஸுப் பாட்டுங்க" என்றாராம் அவர். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உனக்கும் சிரிப்புத்தான் வந்திருக்கும், இல்லையா?

சுதந்திரம் வந்த அன்று டவுனில் உன்னை மேடை ஏற்றினார்களே, அதையும் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்னால் மைக். மைதானம் நிறைய ஜனம். நீ ஒரு வரியைப் பாடிவிட்டு நின்றுவிட்டாய். "பாடுங்கம்மா, பாடுங்க" என்று மேடையில் இருந்தவர் அவசரப்படுத்தினார். "திருப்பிச் சொல்ல ஆளக் காணமே" என்று நீ கேட்டது மைக்கில் ஊருக்கே கேட்டது. ஜனம் சிரித்தது. அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து மூக்கம்மா சின்னம்மா, "ஏத்தா, நான் இங்கனதான் நிக்கேன், விடு!" என்று கத்தினாள்.

நாம எடுத்த பஞ்சுதான்டி
நடு வானத்துல பறக்குது

என்று நீ விட, அவள் வாங்க, அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வாங்க, மைதானம் பூராவும் ஒரு பருத்திக் காடாகிப் போனது. கொடிக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நீ நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அடுத்த மாசி பிறக்கும்போது நீ இல்லை.

இனி ஊர்ச் செய்தி. நல்ல செய்தியாக ஒன்றும் இல்லை அம்மா. போன ஐப்பசி ஏமாற்றியது, இந்த ஐப்பசியும் ஏமாற்றிவிட்டது. நம் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. திருச்சுழிப் பக்கத்தில் குண்டாற்று மணலைத் தோண்டி ஊற்றுக்குக் காத்துக் கிடக்கிறார்கள். இங்கே அருப்புக்கோட்டை நெசவுத் தெருவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடத் தண்ணீர் இல்லாமல் தறிகள் சும்மா நிற்கின்றன.

நம் ஊரில் கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவாகிவிட்டது. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் வைக்கோலால் ஒரு பாவியைச் செய்து, செத்த பிணத்தைப் போல் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போவார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்துத் திட்டிக்கொண்டே பின்னால் போவார்கள். கண்மாய்க் கரையில் கொளுத்துவார்கள். அந்த அழுகை கேட்டு வானம் இளகும் என்பது நம்பிக்கை. ஒப்பாரிக்கு ஒருத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அது நீதான்.

மூக்கம்மா சின்னம்மாவும் இன்னும் இரண்டு பேரும் என்னைத் தேடி வந்துவிட்டார்கள்.

"ஏத்தா, ஒன்னயக் கூப்புட்டுப் போகத்தான் வந்தோம். வார வெள்ளிக்குப் பாவிய இழுக்கோம். நீ எடுத்துக் குடுக்கணும்."

"எனக்குப் பாடத் தெரியாது சின்னம்மா."

"ஆத்தா வயித்துக்குள்ள இருக்கும்போதே கேட்டவ, தெரியாதுங்கிறா பாரு! எங்களுக்கு வாங்கிச் சொல்லத்தான் தெரியும். ஒங்க ஆத்தா சாவுல பாத்தேல்ல எங்க லட்சணத்த?"

பார்த்தேன். உன்னைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு யார் தொடங்குவது என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி வாயில் பழகியதைத் தொடங்கிவிட்டாள்.

மேகம் தெரண்டு வர
மூஞ்சியத் திருப்புன கொடும்பாவி

எல்லோரும் வாங்கிச் சொல்லி மாரில் அடித்த பிறகுதான் சின்னம்மா, "அடியே, யாரப் போட்டுத் திட்டுறோம்!" என்றாள். இழவு வீடு குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அழுகை வந்து, பிறகு நிற்கவே இல்லை.

"அப்ப அந்தப் பழைய பாட்டையே பாடுங்களேன்" என்றேன்.

"கேட்ட வசவையே திரும்பக் கேட்டா பாவிக்கு ஒறைக்குமா? ஒங்க ஆத்தா ஒவ்வொரு தடவையும் புதுசு கட்டுவா. நீ நாலு வரி கட்டு. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

உள்ளே முறத்தோடு உட்கார்ந்திருந்த என் மாமியார் எழுந்து வந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை அம்மா, பயந்தவர்கள். "பால்குடிப் புள்ள இருக்கிற வீடு இது. இழவுப் பாட்டெல்லாம் இங்க வேண்டாம். இவ ஆத்தா பாடி என்னத்தக் கண்டா? அந்த மாசமே தலச்சனத் தூக்கிக் குடுத்தா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, தவழும் முன்னே போய்விட்டான் என்பது தெரியும். எப்போது போனான் என்று நீ சொன்னதில்லை. அப்பா இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். மிச்சத்தை மாமியாரே தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். நீ முதன்முதலாகக் கொடும்பாவிக்கு எடுத்துக் கொடுத்த பஞ்சத்தில், அவனை வீட்டில் படுக்க வைத்துவிட்டுத்தான் போனாயாம். அதற்குப் பிறகு அவன் தங்கவில்லையாம். உன் பாட்டால்தான் போனான் என்று ஊர் சொன்னதாம்.

நான் பூகோளம் படித்தவள். பருவக்காற்று எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று படம் போட்டுக் காட்டுவேன். வைக்கோலைத் திட்டினால் மழை வராது என்றும் தெரியும். ஆனால் அன்று ராத்திரி குழந்தையின் நெற்றி லேசாகச் சுட்டபோது படித்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பல் முளைப்பதால் வரும் சூடுதான். இருந்தாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உன்னைப் பற்றி ஊரார் சொன்னதை நீ நம்பினாயா அம்மா? அதனால்தான் பல வருஷம் கொடும்பாவிக்குப் போகாமல் இருந்தாயா? பிறகு ஏன் போனாய்?

மறுநாள் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போன சாக்கில் மூக்கம்மா சின்னம்மாவிடம் கேட்டேன். அவள் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது.

"யாரு சொன்னா பாட்டுல போச்சுன்னு? கெணறு வத்திக் கலங்கத் தண்ணியக் குடிச்ச வருசம்த்தா அது. வயித்தால போயித்தான் போச்சு அந்தப் புள்ள. தெருவுக்குத் தெரு புள்ளைக போச்சு. அவுக ஆத்தாமாரெல்லாம் பாடவா செஞ்சாளுக?"

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாமயா பெறகு வந்த பெரும் பஞ்சத்துல வந்து நின்னா? ஊருல இன்னொரு புள்ள போகக் கூடாதுன்னுதான் வந்தா. அப்பக் கட்டுன பாட்டு ஒனக்குத் தெரியுமே."

தெரியும். அப்போது நான் பள்ளிக்கூடம் போகிற சிறுமி. உன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

கூர ஒழுகணும் தொட்டில் நனையணும்
கொழந்தயத் தூக்கி நான் ஓடணும்
வாரி எடுக்கையில் தோளெல்லாம் நனஞ்சு
வாசப்படி தாண்டி ஓடணும்

எவ்வளவு பெரிய மழையைக் கேட்கிறாய் என்று மட்டும்தான் அன்று நினைத்தேன். வீட்டில் அப்போது தொட்டில் இல்லை. நான் பாயில் தூங்குகிறவள். அது யாருடைய தொட்டில் என்று இத்தனை நாள் யோசிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நாலு வரியும் என்னோடு வந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சின்னம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர்கள் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவர்களே சொன்னார்கள்:

"போறதுன்னா போ. புள்ளையக் கொண்டுபோகாத, நான் பாத்துக்கிறேன். வந்ததும் தலைக்கு ஊத்திட்டுத்தான் அவளத் தொடணும்."

"தலைக்கு ஊத்தத் தண்ணிக்கு எங்க போறது அத்தை?"

"அதுக்குத்தான பாடப் போற!"

சொன்ன பிறகு அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று.

வெள்ளிக்கிழமை போகிறேன் அம்மா. இது அச்சாகி வருவதற்குள் மழை பெய்திருக்கலாம், பெய்யாமலும் இருக்கலாம். பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் போகிறேன். பாவியைத் திட்ட எனக்கு வரவில்லை. உள்ளதைத்தான் கட்ட முடிந்தது.

பச்சப்புள்ள வீட்டுல வச்சுப்
பயந்துகிட்டே பாட வந்தேன்
அச்சமெல்லாம் நனைந்து போக
அடமழையா வந்து எறங்கு

மூன்றாவது வரி எனக்கே உறுத்துகிறது. காலேஜ் வாடை. நம் காட்டில் யார் "அச்சம்" என்கிறார்கள்? எத்தனை தரம் மாற்றினாலும் புத்தகத்துச் சொல்லே வந்து உட்காருகிறது. வெள்ளிக்கிழமை நான் இதைத் தெருவில் விட்டால் கடைசியில் நடக்கும் சின்னம்மா எப்படியும் மாற்றித் திருப்பிவிடுவாள். எப்படி வந்தாலும் வந்ததைத்தான் வைத்துக்கொள்வேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. "நான் சொன்னது அது இல்லை" என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். உன் பேத்தி வளர்ந்து கேட்டால், அவள் மாமன் எந்தத் தண்ணீரால் போனான் என்பதையும் மறைக்காமல் சொல்வேன்.

ஆனால் முதலில் உனக்குத்தான் விடுகிறேன். இப்போது நீதான் கடைசி நிரையில் நிற்கிறாய். அந்த மூன்றாவது வரியை வாங்கி, மாற்றித் திருப்பி விடு. வெள்ளிக்குள் வேண்டும். சீக்கிரம் பதில் போடு அம்மா.

தன் அண்ணனைப் பார்க்காத தங்கை,
உன் மகள்
சீதை