நான் சொல்லாத வரி

மார்ச் 3

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்கிறான். என் முழங்கால் நலமில்லை. மற்றவர்கள் நலமா என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டில் யாரும் என்னிடம் உள்ளதைச் சொல்வதில்லை.

போனில் கூப்பிட்டால், ‘வேலையில் இருக்கிறேன்’ என்று வைத்துவிடுகிறாய். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று வேளையும் வேலையா? அம்மா இருந்தவரை உனக்கு அவள் எழுதினாள். அவள் போய் மூன்று வருஷமாகிறது, நமக்குள் ஒரு காகிதம் கூட ஓடவில்லை. போனை வைக்கலாம், கடிதத்தை வைக்க முடியாது. அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

இது சின்ன ஊர். ஒரு கல்லூரி, அதைச் சுற்றி நாலைந்து தெரு. கல்லூரிக்கு விடுமுறை விட்டால் டீக்கடைக்காரர் கூடப் பாதி ஷட்டரைத்தான் தூக்குகிறார். ஆனால் கல்லூரி நடக்கிற நாளில், ஜெராக்ஸ் கடைச் சுவரில் தினம் ஒரு நோட்டீஸ். பாட்டாம், நாடகமாம், படக் கண்காட்சியாம். நாலு மணி ஆனதும் உன் அண்ணி எனக்குச் சலவைச் சட்டையை எடுத்து வைக்கிறாள். “மாமா, இன்னைக்கு அரங்கத்துல ஏதோ இருக்காம். போயிட்டு வாங்களேன், பொழுது போகும்.” எல்லாவற்றுக்கும் அனுமதி சும்மா. சும்மா கூப்பிடுகிறவர்கள் எதற்குக் கூப்பிடுகிறார்கள்? நான் வெளியே போனதும் இங்கே என்ன நடக்கிறது? ஒருநாள் பாதிப் பாட்டில் எழுந்து வந்து பார்த்தேன். உன் அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். அதுவே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

போன மாதம் நூலகத்துப் பின்கூடத்தில் கண்காட்சி. ஆள் உயரப் பலகை ஒன்று, முழுக்கச் சாம்பல் நிறத்தில் சிமெண்டுப் பூச்சு. பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்கிறார்கள். நாற்பத்திரண்டு வருஷம் சுவர் பூசினேன், என்னை ஒருத்தன் அப்படி நின்று பார்த்ததில்லை. விரலால் தட்டினேன். உள்ளே பொள்ளல். வரைந்தவர் ஓடி வந்தார், தாடி வைத்த வாத்தியார்.

“பெரியவரே, தொடக் கூடாது.”

“தொட்டாத்தானே தெரியும்? உள்ள காத்து நிக்குது. ஆறு மாசத்துல கொட்டிடும்.”

மனிதருக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அப்ப என்ன பண்ணியிருக்கணும்?” என்று கேட்கிறார். பூசும் முன் பலகையைக் கீறி விட்டு நனைத்திருக்க வேண்டும் என்றேன். இப்போது சனிக்கிழமைதோறும் அவர் பலகை பூசுகிற கொட்டகைக்குப் போகிறேன். இவ்வளவு மரியாதை எதற்கு என்றுதான் யோசனை.

நாடகமும் போனேன். ஒரே நாடகத்தை நாலு நாள் போட்டார்கள், நாலு நாளும் போனேன். பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஓர் அம்மாள் புத்தகத்தோடு உட்கார்ந்து, நடிப்பவர்கள் மறந்தால் வரி எடுத்துக் கொடுக்கிறார். பகலில் அவருக்கு நூலகத்தில் வேலை. மூன்றாம் நாள் வெளியே வரும்போது அவரிடம் சொன்னேன்.

“டாக்டரா வர்றவர் இன்னைக்கு நாலு வரிய முழுங்கிட்டாரும்மா.”

“அஞ்சு, தாத்தா.”

“நாலுதான். அஞ்சாவதை அடுத்த காட்சியில கொண்டுபோய்ச் சொருகிட்டாரு.”

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாசல் வரை ஓடி வந்தார். அன்றிலிருந்து எனக்கு முன்வரிசையில் நாற்காலி. கண்காணிக்கத்தான் முன்னால் உட்கார வைக்கிறார்களோ என்னவோ. ஆனால் நன்றாகத் தெரிகிறது.

உன்னோடு வந்து இருக்க எனக்கு மிகுந்த ஆசையாக உள்ளது. டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தால் உடனே புறப்பட்டு வருகிறேன்.

அப்பா
(இடது பெருவிரல் ரேகை)


மார்ச் 19

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். யார் எழுதியது என்றுதான் தெரியவில்லை. கையெழுத்து அண்ணனுடையது. ரேகை யாருடையதாகவும் இருக்கலாம்.

நான் இங்கே நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி அளவு பார்க்கிறேன். தெரியாத எழுத்தைத் தெரிந்த மாதிரி சொல்கிறவர்களை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன். இந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது.

கல்லூரி மேடையில் முந்நூறு பேர் பார்க்க என் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கிய மனிதர், முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறாராம். நாலு நாளும் போனாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாதுவான ஒரு கிழவரைச் செய்து, தாளில் சுற்றி, எனக்கு அனுப்பி வைக்கப் பார்க்கிறாயா அண்ணா? ‘மிகுந்த ஆசை’ என்று அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘ஏற்பாடு’ உன் வார்த்தை. அவரை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் நேராகச் சொல்லேன்.

உண்மையிலேயே அப்பாதான் சொன்னார் என்றால், ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று அண்ணன் வெளியூர் விடுதியில் இருந்தான். அம்மாவிடமும் நான் எதையும் விவரமாகச் சொன்னதில்லை. நீங்கள் மேடை ஏறியபோது நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன்? அந்த வசனத்தை எழுதச் சொல்லுங்கள். வந்தால் நீங்கள்தான். வராவிட்டால் அந்த விலாசத்துக்கு இனி நான் எழுத மாட்டேன். எனக்கும் யாரும் எழுத வேண்டாம்.

மகள்


ஏப்ரல் 2

மகளுக்கு அப்பா. எழுதுவது, வரி எடுத்துக் கொடுக்கிற அம்மாள்.

உன் கடிதத்தை முதலில் உன் அண்ணன்தான் படித்தான். நீ நலமாம், வேலை அதிகமாம், டிக்கெட் இப்போது எடுக்க முடியாதாம். அவ்வளவுதான் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எனக்கு எழுத்துதான் தெரியாது, கண் தெரியும். தாளில் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. அவன் திருப்பவே இல்லை. டிக்கெட் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் புரியவில்லை.

சட்டை துவைக்கப் போட்டபோது எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அடுத்தவர் வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் இந்த அம்மாளுக்கு வழக்கம். இருந்தாலும் ஒருத்தரை மட்டும் நம்பக் கூடாது என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. அவர் நடுவில் ஒரு தடவை இருமினார், அவ்வளவுதான்.

சாயங்காலம் உன் அண்ணனை நிறுத்திக் கேட்டேன்.

“நான் சொல்லாததை எழுதினியாடா?”

“உங்க நல்லதுக்குத்தாம்பா.”

“நல்லதுன்னா எங்கிட்ட ஏன் படிச்சுக் காட்டல?”

உன் அண்ணி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்புறம் சொன்னான், “ரெண்டே அறைப்பா. பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்க இடமில்ல. எத்தனை நாள் உங்கள வெளிய அனுப்பிக்கிட்டே இருக்க முடியும்?”

நாலு மணிச் சட்டைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான் சந்தேகப்பட்டது சரிதான். சரியாக இருந்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை.

நாடகம் பார்த்தது பொய்யில்லை. அவனே சேர்த்ததாக ஒப்புக்கொண்ட அந்தக் கடைசி இரண்டு வரிதான் நான் சொல்லாதது.

இனி நீ கேட்டது.

அன்று வியாழக்கிழமை. மூன்றாவது மாடியில் சாரத்தின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை சுண்ணாம்பில் வெந்து கட்டுப் போட்டிருந்தது. கூட வேலை செய்தவன் கீழிருந்து கத்தினான், “உம் பொண்ணு மூஞ்சியில மாவு பூசிக்கிட்டு மேடையில நிக்குதாமே!” வேலைச் சட்டையோடு வந்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் தூண் பக்கத்தில் நின்றேன். அது கோர்ட் காட்சி. நீ கூண்டில் நிற்கிற கிழவி, தலையில் சாக்பீஸ் தூள். வக்கீல் இரண்டு தடவை மேசையைத் தட்டினான். நீ உடனே பேசவில்லை, கூண்டுக் கட்டையைத் தடவிப் பார்த்தாய். பிறகு சொன்னாய்:

“கதவைத் திறந்து வைத்தது நான்தான் ஐயா. உள்ளே வந்தது யார், உள்ளே வந்தது யார் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். வெளியே போனது யார் என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லையே.”

சனம் கை தட்டியது. அப்போதுதான் ஏறினேன். இடது கையால் பிடித்தேன். உன் செருப்பு ஒன்று மேடையிலேயே நின்றுவிட்டது. அதை எடுக்க நான் உன்னை விடவில்லை.

நீ கேட்டது இது நான்தானா என்று பார்க்கவா, இல்லை எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கவா? இரண்டுக்கும் இதுதான் பதில். உன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தாடி வாத்தியார் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. சாமான்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம் என்கிறார். என்ன காரணத்துக்குச் சொல்கிறார் என்று விசாரிக்க வேண்டும்.

அப்பா
(இந்த ரேகை என் முன்னால் வைத்தது. வசனத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன், ஓர் எழுத்தும் மாறவில்லை. - எழுதியவள்)


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

நீங்கள்தான்.

நடுவில் இருந்த ஒரு வரி எனக்கே மறந்துபோயிருந்தது. உங்கள் கடிதத்தில் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கண்ணாடி அளவு கொடுக்க உட்கார்ந்திருந்தவர், “என்ன எழுத்து?” என்று கேட்டார்.

ஆனால் கடிதத்தில் வேறொன்றும் இருக்கிறது. அதைத் தெரிந்து சொன்னீர்களா, தெரியாமலா என்று சந்தேகமாக இருக்கிறது. என்னைப் பார்த்ததுமே நீங்கள் ஏறி வந்ததாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒரு சொல்லைக் கூடக் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள், வெறும் கோபம்தான் என்று. அப்படி நினைத்ததால்தான் கொஞ்சமாவது பொறுத்துக்கொள்ள முடிந்தது. நீங்களோ தூணோரம் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறீர்கள். வக்கீல் எத்தனை தடவை மேசையைத் தட்டினான் என்பது வரைக்கும். கைதட்டலையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

ஏன் ஏறினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அதற்கு ஆயிரம் பதில் சொல்வீர்கள். அதன் பிறகு நான் மேடை ஏறவே இல்லை. அதனால் இதைக் கேட்க எனக்கு வேறு ஆளும் இல்லை. நான் நன்றாகப் பேசினேனா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எழுதுகிற அம்மாள் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

மகள்


மே 3

மகளுக்கு,

மூன்று நாளாக யோசித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

நன்றாகப் பேசினாய். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற எனக்கே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. இங்கே நான் பார்த்ததில் அப்படிக் கட்டையைத் தடவிவிட்டுப் பேசத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கைதட்டலைக் கேட்டதும், இனி இந்தப் பெண் நம் வீட்டுக்குத் திரும்ப மாட்டாள் என்று தோன்றியது. அதனால்தான் ஏறினேன்.

ஏறாமல் நின்றிருந்தால் நீ திரும்பியிருப்பாயா என்பது எனக்குத் தெரியவில்லை.

அப்பா
(ரேகை)