பழைய சாமான் மூட்டையில் கிடந்த ஷூ

சோனியா,

கசார்வாடிப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். டப்பாவில் போஹா இருக்கிறது. அவல் விறைத்திருந்தால் அது அப்பாவின் கைப்பக்குவம். பங்கார்வாலா வந்தால் பழைய பேப்பரையும் ஓட்டைக் குக்கரையும் மட்டும் கொடு. நேற்று கோபத்தில் நீ அந்தப் பழைய சாமான் மூட்டையில் போட்ட பாஸ்கெட்பால் ஷூவை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

"உங்களாலதான்ப்பா நான் குட்டை" என்றாய். உண்மைதான். பத்தாவது வரை பிரேயர் வரிசையில் நான்தான் முதல் ஆள். வேறெதிலும் முதலில் வந்ததில்லை. ஐ.டி.ஐ. சேர்ந்த பிறகுதான் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியது. நீ எட்டாவதுதானே படிக்கிறாய்.

"ஏ சோட்டீ, பானி லா" என்று குள்ளச்சிப் பட்டம் கட்டி உன்னைத் தண்ணீர் எடுக்க அனுப்புகிற அந்தக் கோச், டீமுக்கு ஆள் எடுக்கிறாரா, ஜன்னல் திரைக்கு அளவெடுக்கிறாரா? உன் கையிலிருந்து பந்தைப் பிடுங்க அங்கே எந்த நெட்டச்சியாலும் முடியாது.

தமிழில் எழுதியது வேண்டுமென்றேதான். எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

அப்பா

பி.கு: வளருவாய் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, ஷூ நுனியில் பேப்பர் திணித்தோமே, அதை எடுத்துவிட்டேன். போட்டுப் பார். பொருந்தினால் வளர ஆரம்பித்துவிட்டாய், கால்தான் முதலில் வளரும். தொளதொளவென்றிருந்தால் புதுப் பேப்பர் மடித்து உள்ளேயே வைத்திருக்கிறேன். எப்படியானாலும் சாயங்காலம் கிரவுண்டுக்குப் போ.