எள்ளுருண்டை டீச்சருக்கு

காரிமங்கலம்
23.3.2025, ஞாயிறு

அன்பு மகன் அருள்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, போன மாதம் கன்று போட்ட செவலை உட்பட எல்லோரும் நல்ல சுகம். அங்கே டப்ளினில் நீயும் கோகிலவாணியும் என் தங்கம் மேகலையும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாமல் சுகமாக இருக்கத் தீர்த்தமலையானைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் அம்மா எதற்குப் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தாள் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. என்ன செய்வது, உனக்குப் பிடிக்காத பேச்சை நான் எடுத்தால் உடனே உன் வீட்டு நெட்டுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. கேக்கலம்மா, விட்டு விட்டு வருதும்மா என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கிறாய். போன ஞாயிறும் அப்படித்தான் நின்றாய். நீ மட்டும் சிலையாக நிற்கிறாய், உன் பின்னால் மேகலை தலையணையை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறாள். உன் அப்பா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கடிதத்தில் அந்த வித்தை நடக்காது. உன்னோடு காலேஜில் படித்த மொரப்பூர் தமிழ்ச்செல்வன் அடுத்த வாரம் அங்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் இதையும் சில சாமான்களையும் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு அங்கே குளிர் பழக்கமில்லை, ஒரு வாரமாவது வீட்டில் வைத்துச் சோறு போடு.

இந்த வருடம் நம் புளியமரங்கள் இரண்டும் நன்றாகக் காய்த்தன. அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் மரத்தடிக்குப் போக விடுவதில்லை, உட்கார்ந்த இடத்தில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கிறார், வாய் மட்டும் ஊர் முழுக்கப் போய் வருகிறது. சந்தைக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது எனக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு மட்டும் டிக்கெட் என்பதில் அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கண்டக்டரிடம், ஊட்டுக்காரம்மா கூட ஒட்டிக்கிட்டுத்தானுங்க வர்றேன், எனக்கு அரை டிக்கெட்டாவது போடக் கூடாதுங்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். அந்தத் தம்பி போன வாரம், அடுத்த தடவ அம்மாகிட்ட ஒரு சீல வாங்கிக் கட்டிட்டு வாங்க, ஏத்திக்கறேன் என்று சொல்லிவிட்டான். பஸ்ஸே சிரித்தது, இவரும் சேர்ந்து சிரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆறு மாசம் வந்து பாப்பாவப் பாத்துக்கும்மா, டிக்கெட் நான் போடறேன் என்று நீ கேட்டதும் எனக்கு அப்படியே பறந்து வந்துவிடலாம் போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கே பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தேன். மேகலை பிறந்து இரண்டு வயதாகப் போகிறது, இன்னும் அவளை நான் தூக்கவில்லை, கண்ணாடிக்குள் இருக்கிற பிள்ளையைக் கொஞ்சுகிறேன். அந்த ஏக்கம் எனக்கு உண்டு. பெட்டி காய்ந்துகொண்டிருக்கும்போதுதான் கோகிலவாணி போன் செய்தாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை, நீ அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. களி கிளறும்போது கட்டி விழாமல் இருக்க என்ன செய்வீங்க அத்தை என்று கேட்டாள். இந்நேரம் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டியவள் களியைப் பற்றிக் கேட்கிறாளே என்று, என்ன கண்ணு, வேலைய உட்டுட்டுக் களி கிளறப் போறியா என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அது நெட் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு நான் தோண்டித் தோண்டிக் கேட்டதில்தான் முழுக் கதையும் வெளியே வந்தது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் கேட்கிற கட்டணம் அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும், அதனால் நான் வரவேண்டும், நான் வராவிட்டால் அவள் வேலையை விட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாய். ஆனால் அந்த ஊர் அரசாங்கம் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தானே கட்டுகிறதாமே. சம்பளம் அதிகமா குறைவா என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு அளவு உண்டாமே. இதையெல்லாம் எழுதிக் கேட்டால் பின்னால் விசாவுக்குத் தொந்தரவு வரும் என்று நீ சொன்னாயாம். அவள் நேராக விசா ஆபீசிலேயே போய்க் கேட்டுவிட்டாள், உங்களுக்கு அப்படி ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டார்களாம். ஆக விசா தடை இல்லை, சம்பளம் தடை இல்லை, மிச்சம் இருக்கிற தடை உன் வறட்டுக் கௌரவம் மட்டும்தான். அதெல்லாம் இல்லாதவங்களுக்குக் கொடுக்கறது, நமக்கு எதுக்கு என்று நீ அவளிடம் சொன்னாயாம்.

இதே வார்த்தையை நான் போன வருடமும் கேட்டேன், யார் வாயில் தெரியுமா, நம் மேட்டுக்காட்டுப் பெரிய வீட்டு மருமகள் கலைமணி வாயில். அவள் மகளை நான் டீச்சராக இருக்கிற பாலவாடியில் சேர்த்த புதிதில், முட்டை போடுகிற நாளில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் வீட்டு நாட்டுக்கோழி முட்டையை அவித்து, உரித்து, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தனுப்புவாள். எங்க வூட்டுப் புள்ளைக்குச் சர்க்கார் முட்டை வேணாங்க டீச்சர், இல்லாதவங்க புள்ளைங்களுக்குப் போடுங்க என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் மையத்தில் முட்டையை ஓட்டோடுதான் கையில் கொடுப்போம், ஒருவர் நெற்றியில் ஒருவர் தட்டி உடைத்துத்தான் சாப்பிடுவார்கள், அந்தக் கூத்துக்காகவே காய்ச்சலோடும் வந்து உட்காருகிற பிள்ளைகள் உண்டு. கலைமணி மகள் உரித்த முட்டையை வைத்துக்கொண்டு யார் நெற்றியில் தட்டுவாள்? இரண்டு மூன்று தடவை பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் வீட்டு முட்டையை வாசலில் படுத்திருந்த நாய்க்குப் போட்டுவிட்டு, டப்பாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வரிசையில் வந்து உட்கார்ந்து, ஆயா எனக்கும் ஓடு போட்ட முட்டை என்று எங்கள் ஆயா செல்லியிடம் டப்பாவை நீட்டினாள். செல்லி என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

நாலு நாளில் விஷயம் கலைமணிக்குத் தெரிந்துவிட்டது, மகள் நெற்றி சிவந்திருக்கிறதே என்று சண்டைக்கே வந்துவிட்டாள். வந்த நேரம் முட்டை நேரம். வாசலில் நின்று பார்த்தாள். அவள் மகள் நெற்றியை நீட்டி, தட்டு தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள், பக்கத்திலிருந்த பிள்ளை தட்டுகிறாள். கலைமணி கொண்டுவந்த சண்டையை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு டப்பா வரவில்லை. இந்த வருடம் அவளே வந்து, டீச்சர், நான் தர்மபுரியில பி.எட். சேந்துட்டேனுங்க, நாலு மணி வரைக்கும் புள்ளையப் பாத்துக்குவீங்களா என்று கேட்டாள். அதுக்குத்தானம்மா கதவத் தொறந்து வச்சிருக்கோம் என்றேன். இப்போது காலையில் பிள்ளையை விட்டுவிட்டு, புத்தகப் பையோடு டவுன் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். டிக்கெட் இல்லாத பஸ்தான், அதிலும் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? முன்னால் இருந்த அரசு முத்திரையைப் பிளேடால் சுரண்டிவிட்டு, சைக்கிள் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாய், உன் கைலி இரண்டும் அப்பாவின் கைலி ஒன்றும் பாழாய்ப் போனது. அது எந்தச் சைக்கிள் என்று காரிமங்கலம் முழுக்கத் தெரியும், நீ மட்டும் கடையில் வாங்கியவன் மாதிரி மணி அடித்துக்கொண்டு போவாய். அந்தச் சைக்கிளில்தான் டியூஷனுக்குப் போனாய், பாஸ் செய்தாய், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று காலேஜ் கட்டணத்தில் சலுகை வாங்கினாய். அது இல்லாவிட்டால் எங்களால் உன்னைப் படிக்க வைத்திருக்க முடியாது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே. பெயிண்ட் அடித்ததும் நீதான், இப்போது அந்த ஊரிலும் பெயிண்ட் டப்பாவோடு நிற்கிறவன் நீதான் என்று தோன்றியது, அதனால் எழுதினேன். மாதாமாதம் சம்பளத்தில் வரி வரியாகப் பிடிக்கிறாங்கம்மா என்று புலம்புகிறாயே, கொடுக்கும்போது இல்லாத கூச்சம் வாங்கும்போது எங்கிருந்து வருகிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை மனதில் வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. இல்லாதவங்களுக்குக் கொடுக்கறது என்று நீ சொன்னது எனக்குச் சுருக்கென்று குத்தியது. நீ கைப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்து நான் அந்தப் பாலவாடியில்தான் குப்பை கொட்டுகிறேன். கல் குவாரிக்குப் போகிறவள், பூப்பறிக்கப் போகிறவள், பனியன் கம்பெனிக்குப் போகிறவள் என்று எத்தனையோ பேர் காலையில் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தியும் என்னிடம் கை நீட்டவில்லை. தன்னிடம் இருப்பதிலேயே பெரியதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், கொடுத்தவள் அவள், வாங்கியவள் நான். சாயங்காலம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன். இதில் தர்மம் எங்கே இருக்கிறது? நீயும் அந்த வரிசையில் உட்கார்ந்து நெற்றியில் முட்டை உடைபட்டவன்தான். உன் அம்மா இத்தனை காலம் செய்த வேலையை நீ பிச்சை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயோ என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாதான், அவன் யோசிக்காமப் பேசிட்டான், நீ சாப்பிடு என்று தட்டை எடுத்து வைத்தார்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். நான் ஆறு மாதம் அங்கே வந்துவிட்டால் இங்கே மையத்தைப் பார்க்க ஆளில்லை, பக்கத்து ஊர் டீச்சர் வாரத்தில் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஒரு கோகிலவாணி வேலைக்குப் போக இருபது கோகிலவாணிகளை வீட்டில் உட்கார வைக்க என்னால் முடியாது. அதனால் மேகலையைப் பள்ளியில் சேர், அரசாங்கம் தருகிற பங்கை எழுதிக் கேள், கோகிலவாணியை வேலைக்கு அனுப்பு. படித்துப் பாஸ் செய்து வாங்கிய வேலை, அதை விட்டுவிட்டுப் பின்னால் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது நினைவு வர வேண்டுமா? மே மாதம் எங்களுக்கு விடுமுறை உண்டு, அதோடு கொஞ்சம் லீவும் சேர்த்துக்கொண்டு நானும் அப்பாவும் வருகிறோம். மேகலையைக் கொஞ்ச வருகிறேன், கட்டணத்தை மிச்சம் பிடிக்க வரமாட்டேன். காலையில் அவளைப் பள்ளியில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அந்த நாட்களில் என் பொறுப்பு, வேறு யாரும் குறுக்கே வரக் கூடாது. முதல் வாரம் அழுவாள், நீங்கள் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்க்காதீர்கள், பார்த்தால் இன்னும் அழுவாள். பழைய துணி ஒன்று, கோகிலவாணியின் சேலைத்துண்டு ஏதாவது, பையில் வைத்து அனுப்புங்கள், தூங்கும்போது பிடித்துக்கொள்வாள்.

தமிழ்ச்செல்வனிடம் கொடுத்திருப்பது: புதுப் புளி, கேழ்வரகு மாவு, கோகிலவாணிக்கு அவள் கேட்ட கறிவடகம், மேகலைக்கு அப்பா சந்தையில் வாங்கிய கிலுகிலுப்பை (அவளுக்கு வயது தாண்டிவிட்டது என்றேன், கேட்கவில்லை). சிவப்பு நூல் கட்டிய டப்பாவில் எள்ளுருண்டை இருக்கிறது, கடகத்தூர் வெல்லம் போட்டது. உனக்கு எள்ளுருண்டை என்றால் உயிர் என்று எனக்குத் தெரியும், வாசனை பிடித்ததும் நூலை அறுக்கப் போவாய். கையை எடு. அது உனக்கில்லை. மேகலை சேருகிற இடத்தில் அவள் மூக்கைத் துடைத்து, ஊட்டிவிட்டு, தூங்க வைக்கப் போகிறாளே ஒரு டீச்சர், அவளுக்கு. அவள் யாரோ என்னவோ, என்ன பாஷை பேசுவாளோ தெரியாது. பகல் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளைத் தூக்கி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகும்போது இடுப்பு எப்படி வலிக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பார்களாம், உள்ளே கொண்டுபோகக் கூடாதாம், கோகிலவாணி சொன்னாள். வாசலில் வைத்துக் கையில் கொடு, எங்கம்மாவும் இந்த வேலதான் பாக்கறாங்க என்று அவள் பாஷையில் சொல்லு. சேர்க்கிற வரைக்கும் டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும், நீயும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே இரு.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், சிரித்த முகமாக, நீண்ட ஆயுளோடு வாழ அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். மேகலையின் இரண்டு கன்னத்துக்கும் நெற்றிக்கும் என் முத்தம். டப்பாவைக் கொடுத்ததும் அந்த டீச்சர் பெயரைக் கேட்டு எழுதி அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம், நெட் நின்றுவிடும்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா,
தீர்த்தம்மாள், பாலவாடி டீச்சர்