நகர்ந்த முகடு

மகள் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அசிட்டோன் வாசம் என் அறைவரை வந்தது. நீ இறந்த செய்தி வந்த அன்று நினைவுக்கு வராத உன் முகம் அப்போதுதான் வந்தது. நாம் சேர்ந்து ஆராய்ச்சி செய்த கல்லூரி ஆய்வகத்தில், அசிட்டோனில் கழுவிய கண்ணாடித் துண்டைத் தூக்கிப் பார்த்து, "ஏல, இன்னொருக்கா கழுவுதேன்" என்பாய்.

இரு கண்ணாடிகளுக்கு நடுவே, முடியைவிடச் சிறிய இடைவெளியில் திரவப் படிகத்தை நிரப்பி, மாறும் மின்புலம் கொடுப்போம். கோல் போன்ற மூலக்கூறுகள் புலத்தோடு சேர்ந்து திரும்ப முயலும். அதிர்வெண் ஏற ஏற ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். அந்த இடத்தில் வரைபடத்தில் ஒரு முகடு எழும். யாரும் பார்த்திராத இடத்தில் நமக்கு ஒரு முகடு கிடைத்தது. கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டது. அதை நம்பித்தான் விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலுக்கு நான் தயாரானேன்.

உனக்கு மட்டும் சந்தேகம். ஏசி பழுதாகி, சன்னலைத் திறந்துவைத்து நிரப்பிய கண்ணாடிகள் அவை. உப்பளக் காற்று நேரே உள்ளே வரும். திரவத்தில் உப்பு கலந்திருந்தால் அதுவும் பொய்யாக ஒரு முகடு காட்டும்.

"மூலக்கூறு திரும்புததா இருந்தா, இடைவெளியக் கூட்டினாலும் முகடு அங்கனயேதான் நிக்கும். உப்பா இருந்தா நகரும். பாத்திருவோமால?" என்றாய்.

"நேர்காணல் முடியட்டும்ல. உப்பு எங்க ஓடிரப் போவுது?"

"ஓடுதா இல்லையான்னுதான பாக்கணும்ங்கேன்."

நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமை நீயே அளந்தாய். முகடு நகர்ந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாய். வேலை வேறொருவனுக்குப் போனது.

நீ கண்டது சரி. அதில் எனக்கு அன்றும் சண்டையில்லை. ஒரே இலையில் பரோட்டா பிய்த்துத் தின்றவன் முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? கேட்டதற்கு, "சொன்னா நீ கெஞ்சுவ, நான் விட்டுக்குடுத்துருவேன்ல" என்றாய். அதன்பின் நான் உன்னோடு பேசவில்லை. நீ வெளியூரில் பேராசிரியர் ஆனாய்.

நான் இப்போது துறைமுகத்தில், கப்பலேறும் தானியத்தின் ஈரத்தை அளக்கிறேன். இங்கும் மின்புலம்தான், திரும்புவது நீர் மூலக்கூறு. போன வாரம் மக்காச்சோளத்துக்குக் கப்பல் காத்திருந்தது. "எண்ணு சரியாத்தான இருக்கு அண்ணாச்சி, கையெழுத்தப் போடுங்க. கேப்டன் கத்துதான்" என்றார் ஏஜென்ட். உன்னைத் திட்டிக்கொண்டே வேறு மூட்டையில் எடுத்து மறுபடி அளந்தேன். ஈரம் அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக இருந்தது.

அறிக்கை எழுதுமுன் ஏஜென்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வெகுநேரம் கெஞ்சினார். டீ வாங்கிக்கொடுத்து முழுவதும் கேட்டேன். பிறகு ஈரம் கூடுதல் என்றே எழுதிக் கையெழுத்திட்டேன்.

நீயும் இப்படிச் செய்திருக்கலாம்.