இறுக்கமான பதினோரு வரிசைகள்

நவம்பர் 11, செவ்வாய்

இன்று அம்மாவிடம் சொல்லாதது: அண்ணன் மனைவியை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால்தான் பேச்சைத் தொடங்கவே முடியவில்லை.

சொன்னது: "பேசிட்டுதாம்மா இருக்கேன்."

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்தது எதுவும் காயவில்லை. அம்மா காபியை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "ரெண்டு மாசம் ஆவுது அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்து. சாப்டீங்களா, சாப்டேன். இத வுட்டா வேற ஒரு வார்த்த பேசியிருப்பியா நீ?" என்றாள். உண்மையில் அதுகூடக் கொஞ்சம் அதிகப்படியான கணக்கு.

அண்ணனின் மனைவி சுகன்யா. முறைக்கு அண்ணி. வயதில் என்னைவிட மூன்று வருடம் சின்னவள். பெயர் சொன்னால் மரியாதை இல்லை, அண்ணி என்றால் எனக்கே நடிப்பது போல் இருக்கிறது. அவளுக்கும் இதே சங்கடம்தான் போல. இரண்டு பேரும் "ஏங்க" என்பதிலேயே குடித்தனம் நடத்துகிறோம். இங்கே எழுதும்போது மட்டும் சுகன்யா என்று சுலபமாக வருகிறது.

அண்ணன் ஓசூரில். சனி மாலை வருவான், ஞாயிறு மாலை போய்விடுவான். எனக்கு எட்டேகாலுக்கு கம்பெனி பஸ். அம்மா ஒன்பதுக்கு அங்கன்வாடி போனால் திரும்ப நாலு மணி. பகல் முழுக்க சுகன்யா தனியாக.

சாயங்காலம் குரோஷா பின்னல் எடுத்தேன். கார்டிகன் ஸ்வெட்டர், முதுகுப் பக்கம். கத்தரிப்பூ நிறக் காட்டன் நூல், மூன்றரை மில்லி ஊசி. அம்மாவின் சீரியல் முடியும்வரை போட்டேன். எண்ணவில்லை. முப்பது வரிசைக்கு மேல் இருக்கும். எங்கள் செக்‌ஷனில் ஏசி எலும்பு வரை போகிறது. பொங்கலுக்குள் முடித்தால் நல்லது.

முன்பெல்லாம் பஸ்ஸிலேயே போடுவேன். கேட்டில் செக்யூரிட்டி பிடித்துவிட்டார். ஷூவுக்குள் ஊசி முனை ஏதாவது போய்விட்டால் மொத்த லாட்டும் திரும்பி வரும் என்பதால், உடைந்த ஊசிக்குக்கூட ரிஜிஸ்டர் வைத்திருக்கிற கம்பெனி. "இது ஊசி இல்லீங்க, முனையில கொக்கிதான் இருக்குது" என்றேன். "கொக்கி இருக்கிற ஊசி, மேடம்" என்றார். அதிலிருந்து பையோடு வீட்டிலேயே இருக்கிறது, தையல் மெஷின் மேல்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டது. வெயில் இல்லை. பாலாற்றில் தண்ணீர் போகிறதாம், பஸ்ஸில் எல்லோர் போனிலும் அதே வீடியோ.

ஷிப்மென்ட் நெருக்கடி. நேற்றும் இன்றும் வீடு வர ஏழாகிவிட்டது.

வெள்ளிக்குள்: நூலகப் புத்தகம் திருப்ப. குடை கம்பி. கேஸ் புக். அண்ணனுக்குப் போன்.

ஏழரைக்கு முதுகுப் பக்கத்தை விரித்துப் பார்த்தேன். 44 வரிசை. நினைத்ததைவிட அதிகம். ஆனால் கடைசிப் பதினொன்று மட்டும் வேறு மாதிரி. ஒவ்வொரு கண்ணியும் இறுக்கிப் பிடித்து, அகலம் இரண்டு விரற்கடை உள்ளே போய், முதுகுக்கு இடுப்பு வைத்த மாதிரி. ஊசி முனை கண்ணிக்குள் நுழையவே மறுக்கிறது.

செவ்வாய்க்கிழமை போட்டவை; அதற்குப் பிறகு தொட நேரமில்லை. அம்மா அப்படிக் கேட்ட அன்று. அன்று நான் கோபமாக இருந்ததாக எனக்குத் தோன்றவே இல்லை. அமைதியாகச் சீரியல் பார்த்தபடி போட்டுக்கொண்டிருந்ததாகத்தான் ஞாபகம். ஆனால் கை பொய் சொல்லுமா? மனசு ஒப்புக்கொள்ளாததை விரல் எழுதி வைத்துவிடுகிறது. நாம் படித்த புத்தகங்களை வைத்து நம்மை நாமே புரிந்துகொண்டதாக நினைக்கிறோம். ஒரு நூற்கண்டு அதைவிட நேர்மையாக இருக்கிறது. அம்மாவின் மேல் இவ்வளவு கோபமா எனக்கு? சுகன்யாவின் மேலா? வருத்தமாக இருந்தது, ஆனால் ஏதோ கண்டுபிடித்துவிட்ட திருப்தியும்.

பக்கத்து சீட் நஸ்ரினிடம் பஸ்ஸில் போட்டோ காட்டலாம், நல்ல கதை.

நவம்பர் 14, வெள்ளி

காட்டினேன். நஸ்ரின்: "இதுக்குப் போயி இன்னாடி இவ்ளோ பேஜாரா மூஞ்சி வெச்சினு இருக்க? கோவம் வந்தா எங்க வீட்ல தட்டு ஒடையும். உங்க வீட்ல நூலு இறுகுது. லாபம்தான்."

புத்தகம் திருப்பியாயிற்று. கேஸ் மறந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில். மெத்தை, தலையணை எல்லாம் மாடியில்.

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரை மணி. அண்ணன் கறி வாங்கப் போயிருந்தான். ஹாலில் உட்கார்ந்து அந்தப் பதினோரு வரிசையைப் பிரிக்க ஆரம்பித்தேன். பிரிப்பது எனக்குப் பிடிக்கும். டர்ரென்று நூல் வருகிற சத்தம், தப்பு கையோடு போய்விடுகிற சுகம். ஆனால் இது வரவில்லை. ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சத்தமாகவே சொன்னேன்: "சே, மனுஷி போட்டதா இது, தார்ப்பாய் மாதிரி."

என்னைத்தான் சொன்னேன்.

சுகன்யா வெங்காயத்தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் நிமிர்ந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏழாவது வரிசையில் ஒரு முடிச்சு. நூற்கண்டு தீர்ந்து அடுத்ததைச் சேர்த்த இடம். நான் முடிச்சே போட மாட்டேன்; நுனியைத் தையலுக்குள் கோத்து மறைப்பேன். இது கடுகில் பாதி. இழுத்தால் இன்னும் இறுகுகிறது, விரலில் தட்டுப்படவே இல்லை. இந்த முடிச்சை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் குடியாத்தத்தில் அவர்கள் வீட்டுத் தறிக் கொட்டகையில், லுங்கிப் பாவில் அறுந்த இழையை அவள் அப்பா பேச்சை நிறுத்தாமல் இப்படித்தான் சேர்த்தார்.

நிமிர்ந்தேன். அவள் உள்ளே போயிருந்தாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம். மடியில் சுருண்ட நூல், பாதி பிரித்த வரிசை.

ஆக என் கோபம் என்று இரண்டு நாள் ஆராய்ந்தது இன்னொருத்தியின் கை. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். "அத்த செஞ்சாங்க" என்றாள்.

நவம்பர் 17, திங்கள்

மேகமூட்டம்.

அம்மா காலையில் பல் தேய்க்கிற இடத்துக்கே வந்துவிட்டாள். "வியாழக்கெழம அம்மா வீட்டுக்குப் போறாளாம். ரெண்டு வாரம். உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டாளாம். நான் இன்னா சொல்றது? போய்ட்டு வாம்மான்னேன். ரெண்டு வாரம்னு போறவங்க ரெண்டு வாரத்துலயா வர்றாங்க? நீ எதுனா சொன்னியா அவள?"

"இல்லம்மா."

பிறகு, வாயைக் கொப்பளித்துவிட்டு, சொன்னேன். முழுவதும். அம்மா பேஸ்ட் மூடியைப் போட்டு மூடினாள். "கோவமா போட்டிருக்கேன்னு நெனச்சியா? நீ எப்பதான் ஒழுங்கா கோவப்பட்டிருக்க."

பஸ்ஸில் சொன்னதும் நஸ்ரினுக்குச் சிரித்துச் சிரித்து இருமல். அப்புறம்: "மாஃப் பண்ணுன்னு மன்னிப்பு கேட்டுடு. ரெண்டு நிமிஷம். முடிஞ்சுது."

"தெரியாம பிரிச்சிட்டேன்னு சொன்னா, அது நல்லா இல்லன்னு சொன்னது இல்லன்னு ஆயிடுமா? அது நெசமாவே இறுக்கமாதான் இருக்குது."

"அப்ப அதையும் சொல்லு."

நாள் முழுக்க இன்வாய்ஸ் தட்டும்போது அதே யோசனை. அவள் கை இறுக்கம். என் கை தளர்வு. இரண்டும் தப்பில்லை. அவள் வளர்ந்த இடத்தில் இழை தொய்ந்தால் துணி கெட்டது. அவளைத் தளர்த்திப் போடச் சொன்னால் பத்து வரிசை தளரும், பதினொன்றாவதில் மறுபடி இறுகும். கையை மாற்ற முடியாது.

ஊசியை மாற்றலாம்.

மதியச் சாப்பாட்டின்போது தோன்றியது. இதைவிடச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

பஜார் ஃபேன்ஸி ஸ்டோர். அஞ்சரை மணி.

"பாய், குரோஷா ஊசி நாலு மில்லி."

"நாலுல ரோஸ் கலர் ஒண்ணுதான் இருக்குது. மூணர இருக்குது, அஞ்சு இருக்குது. அஞ்சு எடுத்துக்கோம்மா, சீக்கிரம் முடிஞ்சுடும்."

"அவங்க கைக்கு நாலுதான் சரி."

"யாரு கைக்கு?"

"எங்க அண்ணிக்கு." கடைக்காரரிடம் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

வீட்டில் அவள் மாடியிலிருந்து துணி எடுத்துவந்து மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஊசியை நீட்டினேன். யோசித்து வைத்திருந்த மூன்று வாக்கியமும் போன இடம் தெரியவில்லை.

"உங்க கை இறுக்கம். இதுல போட்டீங்கன்னா என்னோடதுக்குச் சரியா வரும். நீங்க போட்டதுன்னு தெரியாம பிரிச்சிட்டேன். தார்ப்பாய்னு சொன்னது என்னை நெனச்சி."

அவள் துண்டை மடித்து முடித்தாள். "உங்கள கேக்காம எடுத்தது என் தப்புங்க. புதன், வியாழன் ரெண்டு நாளும் அஞ்சாறு வரிசை போட்டு வெச்சேன், சீக்கிரம் முடியுமேன்னுதான். எட்டாவது படிக்கும்போது டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. எங்க வீட்ல நாளெல்லாம் தறி சத்தம். இங்க ஃபேன் சத்தந்தான். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"அம்மா மேல கோவத்துல நானே போட்டதுன்னு நெனச்சேன். ரெண்டு நாள் அத பத்தி எழுதிக்கூட வெச்சேன்."

"எதைப் பத்தி?"

"என் கோவத்த பத்தி."

இப்போது சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம்.

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சின்னச் சதுரம் போட்டோம். இருபது கண்ணி, பத்து வரிசை. நான் மூன்றரையில், அவள் நாலில். ஸ்கேல் வைத்து அளந்தோம். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரு நூல் பிசகவில்லை. என்னைவிட இரண்டு மடங்கு வேகம் அவளுக்கு.

முடிவு: உடம்பு நான். கை இரண்டும் அவள். ஒரே கை போட்டால்தான் இரண்டு கையும் ஒன்று போல இருக்கும்.

கூப்பிடுகிற விஷயத்தையும் அவள்தான் எடுத்தாள். "உங்கள எப்படி கூப்புடறதுன்னு அத்தைய கேட்டேன், 'அமு'ன்னு பேர் சொல்லியே கூப்புடுன்னாங்க. வாய் வரலீங்க. எங்க ஊர்ல நாத்தனார அண்ணின்னு கூப்புடுவாங்க."

"அப்ப நீங்களும் அண்ணி, நானும் அண்ணியா?"

"ஆமாங்க அண்ணி."

சமையலறையிலிருந்து அம்மா: "இனிமே நான் அண்ணின்னா யாரு வருவீங்க?"

வியாழக்கிழமைப் பயணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

தூறல். அண்ணி போய்விட்டாள்.

சொன்ன தேதிக்குச் சொன்னபடி. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே அவள் பை ஹாலில் தயாராக இருந்தது. "நூலு எடுத்துக்கினேன் அண்ணி" என்றாள். எத்தனை நாள் என்று கேட்க வாய் வந்தது. அதைக் கேட்டால் வராதே என்பது போலவும், வந்தே ஆக வேண்டும் என்பது போலவும் இரண்டு விதமாகவும் கேட்கும். "பத்திரமா போய்ட்டு வாங்க."

சாயங்காலம் வீட்டில் மூன்று டம்ளர் எடுத்து வைத்து, ஒன்றை அம்மா திரும்ப அலமாரியில் வைத்தாள். நான் முதுகுப் பக்கம் எடுத்தேன். பிரித்தது போக 33ஆவது வரிசையிலிருந்து மறுபடி. சீராக வருகிறது.

நவம்பர் 22, சனி

வெயில். ஏசி ரிப்பேர், ஆபீசில் எல்லோரும் விசிறிக்கொண்டு. கார்டிகன் தேவையில்லாத ஒரே நாள்.

முதுகு முடிந்தது. முன்பக்கம் இடது ஆரம்பம்.

அண்ணன் ஓசூரிலிருந்து நேராகக் குடியாத்தம் போய்விட்டான். அம்மாவுக்கு முகம் வாட்டம். நியாயம்தான் என்றும் சொல்கிறாள்.

ஆறு மணிக்குப் போன். பின்னால் தறிச் சத்தம், அவள் கத்திப் பேசுகிறாள். "அண்ணி, தோள்கிட்ட எத்தன கண்ணி கம்மி பண்ணணும்?"

"ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு."

"இன்னா? கேக்கல."

மூன்று முறை சொன்னேன். அப்புறம் அவளே அண்ணனை அதட்டுவது கேட்டது: "அத தொடாதீங்க, கணக்கு போய்டும்."

அம்மா: "எப்ப வர்றாளாம்?"

"கேக்கல."

"நீயெல்லாம் எதுக்குப் படிச்ச."

நவம்பர் 26, புதன்

காலை ஏழு மணிக்கு அண்ணி வந்துவிட்டாள். ஆறே நாள். மழை மேகம் பார்த்து முதல் பஸ்ஸில் ஏறியதாகச் சொன்னாள். வேறு காரணம் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

கை இரண்டும் முடித்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

முன்பக்கம் வலது இன்னும் பாதி.

டிசம்பர் 8, திங்கள்

பனி. ஞாயிறு முழுக்க இருவரும் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்துத் தைத்தோம். கை இரண்டும் எனக்கு இரண்டு அங்குலம் அதிக நீளம். என் அளவு கையில் இல்லாததால் தன் கையை வைத்தே அளந்திருக்கிறாள். அவள் என்னைவிட உயரம்.

பிரித்துக் குறைத்துவிடலாம் என்றாள். வேண்டாம் என்றேன்.

இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.