நூத்தம்பது கலர் பொட்டி

சாலவாக்கம்
வியாழக்கிழமை

வினோத்குமாருக்கு அம்மா எழுதறது. பெருமாள் புண்ணியத்துல நானும் ஒங்க நைனாவும் தங்கச்சி செவ்வந்தியும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம கீறோம், நீயும் அந்த மஸ்கட் வெயில்ல அப்பிடியே இருக்கணும்னு வேண்டிக்கினு தான் கீறேன். ஆனா ஒம்மேல எனக்கு அவ்ளோ கோவம். போன்ல சொன்னா சிரிச்சிட்டு வெச்சிடுவ, அதான் லீவு முடிஞ்சி அங்க திரும்புற ஒங் கூட்டாளி வசந்த்குமார் கையிலயே எழுதிக் குடுக்கறேன்.

அவன் வரும்போது செவ்வந்திக்குன்னு கலர் பொட்டி ஒண்ணு குடுத்தனுப்புனியே, நூத்தம்பது கலரு, சூட்கேஸாட்டம் கைப்பிடி வெச்சி, இன்னாடா பொட்டி அது? நான் கோலப்பொடி வாங்கப் போனா கூட ஒரு சிட்டிக எடுத்து விரல்ல தேச்சி, கலரு ஒட்டுதா, வெறும் மணலான்னு பாத்துட்டு தான் வாங்குவேன். நீ படிச்சவன், கடையில ஒண்ண எடுத்து காயிதத்துல ஒரு கோடு இழுத்துப் பாக்கறதுக்கு இன்னா கேடு? மெழுகு வழுக்குதே தவிர கலரு ஏற மாட்டேங்குது. பிரஷ்ஷ தண்ணியில தொட்டா முடி முடியா கொட்டுது. தொறந்தா மண்ணெண்ண நாத்தம் வேற.

நானும் ஒரு பாவம் பண்ணேன். பொட்டிய பெருமாள் படத்துக்கு முன்னால வெச்சி, குங்குமம் வெச்சி, கற்பூரம் காட்டி தான் அவ கையில குடுத்தேன். ரெண்டே நாள்ல, இது வேணாம்மா, ஏஞ்சல் டீச்சர் குடுத்த கலரே போதும்னா. அது பன்னெண்டே கலரு, பாதி தேஞ்ச துண்டு. எனக்கு வந்துதே ஆத்திரம், சாமிகிட்ட வெச்ச பொருளயே குத்தம் சொல்றியாடி, அண்ணன் கடல் தாண்டி அனுப்பினதுடின்னு கத்தி, டீச்சர் கலர திருப்பிக் குடுக்க வெச்சேன். காஞ்சிபுரத்துல படம் வரையற போட்டிக்கு இந்தப் பொட்டியத் தூக்கிக்கினு போனா. ஏரியும் நாத்து நடற பொம்பளைங்களும் வரஞ்சாளாம், பச்ச ஏறலன்னு அழுத்தி அழுத்தி தாளே கிழிஞ்சிப் போச்சாம், பக்கத்துப் புள்ளைங்க சிரிச்சிதுங்களாம். வூட்டுக்கு வந்து, எனக்கு கை வரலம்மா, இனிமே வரைய மாட்டேன்னுட்டா. இருவது நாளாச்சி, பென்சில தொடல. தட்டுல ஊத்துன ரசத்துல கூட விரலால கோடு இழுத்து மயில் போடற புள்ளடா அது.

அப்பறம் தான் நானே ஒக்காந்து அந்தப் பச்சயத் தேச்சிப் பாத்தேன், எனக்கும் ஏறல. பொட்டி தான்டி மட்டம், ஒன் கை இல்லன்னு அவகிட்ட எவ்ளோ சொல்லிட்டேன். அவ இன்னான்றா தெரியுமா? நீ எனக்காக சொல்றம்மா, அண்ணன் எனக்குப் போய் மட்டமா வாங்குவானான்றா.

இனிமே நீ ஒண்ணும் அனுப்பாத. பத்து கலரா இருந்தாலும் நானே தேச்சிப் பாத்து வாங்கிக்கறேன். வேளைக்கு சாப்புடு, வெயில்ல தலைக்கு துணி கட்டிக்கோ, பெருமாள் ஒன்ன நல்லா வெப்பாரு. ஞாயித்துக்கெழம மறக்காம போன் போட்டு அவளக் கூப்புடு, டியூட்டின்னு சாக்கு சொல்லாத. நான் தான் பாக்காம வாங்கிட்டேன், ஒங் கையில ஒரு குத்தமும் இல்லன்னு ஒன் வாயால சொல்லு. வெக்கமா இருந்தா வெக்கப்பட்டுக்கினே சொல்லு.

கோவம் இன்னும் தீராத ஒங்கம்மா,
தாயாரம்மாள்