எந்த வைரம்னு கேட்டா

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். நேத்து மாதிரி பட்டினி கிடக்காதீங்க.

நகைக்கடை வேலையில கல்லைச் சோதிச்சே பழகின கை. நீங்க வைர மோதிரத்தை நீட்டினதும் லென்ஸை வெச்சுப் பார்த்து, உங்க தங்கச்சி முன்னாடியே "இது லேப்ல வளர்த்ததுங்க"ன்னு போட்டு உடைச்சது என் தப்பு. அதுவும் அசல் வைரம்தான். கல்லோட விளிம்புல லேப் வைரம்னு பொடி எழுத்தா பொறிச்சிருந்துச்சு. இல்லேன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது.

மோதிரம் வித்த கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. பில்லுல தெளிவாப் போட்டிருக்கு. நீங்கதான் கண்ணாடி போடாம வாங்கியிருக்கீங்க.

சாவி மாடிவீட்டு அக்காகிட்ட.

பி.கு: திருப்பிக் கொடுக்கலாம்னு மோதிரத்தைத் தேடாதீங்க. போட்டுக்கிட்டே வேலைக்குப் போறேன். யாராவது கேட்டா, "எங்க வீட்டுக்காரர் வாங்கித் தந்தது"ன்னு சொல்வேன். எந்த வைரம்னு கேட்டாலும் அதேதான் பதில்.